கலைச்சொல்: ஜீப்பின் ‘பாடி எர்த்’துக்கு ‘மீள்முனை’

அண்ணாச்சி, வணக்கம்.

ஜீப்பில் ரேடியோ பொருத்தும் கையேட்டின் வரைவைப் படித்தேன். உருகி, மின்னழுத்த வீழ்ச்சி எல்லாம் பழகிய சொற்கள், அப்படியே இருக்கட்டும். கறுப்பு வயரை வண்டியின் இரும்புத் தகட்டில் முடுக்கும் இடமான ‘பாடி எர்த்’ வரும் இடமெல்லாம் ‘புவித்தொடுப்பு’ என்று போட்டிருப்பதை மட்டும் மாற்ற வேண்டும். வீட்டுப் பக்கம் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்குகிறோமே, அதுதான் புவித்தொடுப்பு. ரப்பர் டயரில் நிற்கிற ஜீப்பில் மின்சாரம் மண்ணுக்குப் போவதே இல்லை. ‘மீள்முனை’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

> பேட்டை மெக்கானிக்கும் ‘பாடில எர்த் எடுத்திருக்கு’ன்னுதான் சொல்லுதார். எர்த் என்றால் புவிதானே தம்பி?

தந்திக் காலத்தில் அது பொருத்தமாக இருந்தது. 1838-இல் ஜெர்மன் அறிவியலாளர் ஸ்டைன்ஹைல் மண்ணையே திரும்பும் வழியாக்கி ஒரு கம்பியை மிச்சப்படுத்தினார். வண்டியில் அந்த வேலையை இரும்புத் தகடு செய்கிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. எர்த் என்றதும், ‘சும்மா பாதுகாப்புக்கு, ஒல்லிக் கம்பி போதும்’ என்று நினைத்துவிடுகிறார்கள். 50 வாட் ரேடியோ பேசும்போது 12 ஆம்பியர் வரை இழுக்கும். சிவப்பு வயரில் போவது அத்தனையும் கறுப்பு வயரில் திரும்பியாக வேண்டும். பேட்டரியிலிருந்து ரேடியோவுக்கு 4 மீட்டர் என்று வையுங்கள். சிவப்பு 4 சதுர மி.மீ. என்றால் இழப்பு 0.2 வோல்ட்டுதான். கறுப்பை 1 சதுர மி.மீ.-இல் இழுத்தால் அதிலேயே 0.8 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். எஞ்சின் ஓடாதபோது பேட்டரியில் 12.4 வோல்ட் இருந்தால், ரேடியோவுக்குக் கிடைப்பது சுமார் 11.4. பல ரேடியோக்களுக்கு 13.8 வோல்ட்டில் 15 விழுக்காடு வரை கூடக்குறைய இருக்கலாம். அதாவது 11.7-க்குக் கீழே போகக் கூடாது. மாஞ்சோலை ஏற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உதவிக்குக் கூப்பிடும்போது பேச்சு அறுந்துபோவது இப்படித்தான்.

> ‘மீள்’ என்றால் மீள்சுழற்சி, மீள்பதிவு மாதிரி ‘இன்னொரு தடவை’ என்று படிக்க மாட்டார்களா? ‘திரும்புமுனை’ ஆகாதா?

அது திருப்புமுனையோடு குழம்பிவிடும். ‘ஊர் மீண்டான்’ என்றால் யாருக்கும் சந்தேகம் வராது, அந்தப் பொருளைத்தான் எடுக்கிறேன். தகட்டில் லக்கை (வயர் நுனி வளையத்தை) முடுக்கும் இடம் மீள்முனை, போகும் தடம் மீள்வழி, கறுப்பு வயர் மீள்கம்பி. ஒரே வேரில் மூன்றும் கிடைத்துவிடுகின்றன. ‘மீள்முனையில் பெயின்டைச் சுரண்டு’ என்று எழுதினால், ஏன் சுரண்ட வேண்டும் என்பதும் விளங்கிவிடும். உவரிப் பக்கம் உப்புக் காற்றில் ஓடும் வண்டிக்கு அந்த வரி கட்டாயம் வேண்டும்.

> ஆன்டெனாவுக்கும் கூரைத் தகட்டைத்தானே ‘கிரவுண்ட்’ என்கிறோம்?

அதற்கு ‘தரைத்தளம்’ இருக்கட்டும். தகடு ஒன்றுதான், வேலை இரண்டு. அதனாலேயே இரண்டு பெயர் வேண்டும்.

———

தம்பி,

சரி, ஒத்துக்கொள்கிறேன். என் மனத்தை மாற்றியது வேறொரு காரணம். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த பட்டை கழன்றுவிட்டால், ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் முழுக்க ரேடியோவின் கறுப்புக் கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கும். கறுப்பை நேராக பேட்டரியில் கொடுக்கிறவர்கள் அதிலும் ஓர் உருகி வைப்பது இதற்குத்தான். ‘புவி’ என்று எழுதி இதை விளக்கவே முடியவில்லை, ‘மீள்வழி’ என்றதும் ஒரே வரியில் முடிந்தது.

முதல் முறை வருமிடத்தில் மட்டும் ‘மீள்முனை, அதாவது பாடி எர்த்’ என்று எழுதுகிறேன். பட்டறையில் கையேட்டைப் பிரிக்கிறவருக்கு அது வேண்டும். இன்னொன்று பாக்கி இருக்கிறது. புது வண்டிகளில் பேட்டரியின் எதிர்முனையிலேயே மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. கறுப்பை அந்த முனையில் கொடுத்தால் ரேடியோ இழுப்பது சென்சாரின் கணக்கில் வராது. பட்டை பாடியில் முடுக்கியிருக்கும் போல்ட்டில்தான் கொடுக்க வேண்டும். அந்த போல்ட்டை ‘தலைமை மீள்முனை’ என்று சொல்லலாமா?