டாக்டர் இல்லாத ஊர்ல மனநோய்க்கு நர்ஸ் எது வரைக்கும் பாக்கலாம்? (மியான்மர், மோன் ஸ்டேட்)

தட்டோன் சயாமா:
வணக்கம். நான் மிட்வைஃப், தட்டோன் பக்கம் ரப்பர் தோட்டத்து ஊருங்க என் ஏரியா, நம்ம தமிழ் ஆளுங்க நெறைய. தடுப்பூசி போட வீடு வீடா போறப்ப பாத்தா ஒரு வீட்ல பையன் வெளியவே வரமாட்டேங்கிறான், இன்னொரு வீட்ல அம்மா ராத்திரி பூரா யார்கிட்டயோ பேசிட்டே இருக்காங்களாம். மனநோய்க்குன்னு பெரிய ஆஸ்பத்திரி யாங்கோன், மண்டலே ரெண்டு எடத்துல தான், இப்ப இருக்கிற ரோட்டுக்கும் செக்போஸ்ட்டுக்கும் யாரு கூட்டிட்டு போவா சொல்லுங்க. கோயில் கமிட்டி ஐயா ஒருத்தர் "ஒரு நாள் கேம்ப் போடும்மா, எடமும் சாப்பாடும் எங்க பொறுப்பு"ங்கிறார். போடலாமா?

வார்டு அக்கா, யாங்கோன்:
கேம்ப் வேண்டாம்மா. கூட்டம் வரும், ஃபோட்டோ எடுப்பாங்க, மாத்திரை குடுப்பாங்க, அடுத்த மாசம் அந்த மாத்திரைய யாரு குடுக்கிறது? மனநோய்ல பாதியில நிறுத்தினா திரும்பி வரும். நீ முதல்ல ஒரு நோட்டு போட்டு, ஏற்கனவே டாக்டர் பாத்து மருந்து எழுதி, பஸ் காசு இல்லாம விட்டுட்டவங்க யாரு யாருன்னு எழுது. ஒவ்வொரு ஊர்லயும் ரெண்டு மூணு பேராவது இருப்பாங்க, அவங்கள மாசாமாசம் ஒரே நாள்ல போய் பாரு, தடுப்பூசி நாளோட சேத்துக்க, தனியா போனா அக்கம்பக்கம் பேசும்.

ஃப்ளூஃபெனசின்னு மனநோய்க்கு போடுற ஊசி (ஒரு தடவ போட்டா வாரக்கணக்குல வேலை செய்யும்) எழுதியிருந்தா உனக்கு சுலபம், ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு ஒருக்கா. ஆனா டாக்டர் எழுதாம நீயா ஆரம்பிக்காத. மருந்த நல்லெண்ணெயில தான் கரைச்சிருப்பாங்க, எள்ளு ஒத்துக்காதவங்களான்னு கேட்டுட்டு போடு. ஊசியோ மாத்திரையோ ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு கண்ணு மேல சொருகினா வீட்ல சாமி வந்துருச்சும்பாங்க, அது மருந்தோட பக்க விளைவு, அதுக்கு மாத்து மருந்து இருக்கு, உடனே டாக்டருக்கு ஃபோன் போடு. ஒரு எடத்துல உக்கார முடியாம நடந்துட்டே இருந்தாலும் நோய் முத்திடுச்சுன்னு நெனச்சுடாத, அதுவும் மருந்தால வரும்.

பெகு மாமா:
இதுக்கெல்லாம் ஊசியா? எங்க காலத்துல அம்மன் கோயில்ல ஒரு மண்டலம் வச்சிருந்தா தானா தெளிஞ்சிடும். என் மச்சானுக்கே அப்படித்தான் சரியாச்சு.

பரமக்குடி நர்ஸ்:
மாமா கோயிலுக்கு போக வேண்டாம்னு யாரும் சொல்லல. எங்க பக்கத்துல ஏர்வாடின்னு ஊரு, 2001 ஆகஸ்ட் 6 விடிகாலைல மனநோயாளிங்கள வச்சிருந்த ஒரு கொட்டாய் தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க, சங்கிலில கட்டி வச்சிருந்ததால ஓட முடியல. அப்புறம் தான் அங்க தர்காவுக்கு வர்றவங்களுக்கு பிரார்த்தனையோட மருந்தும் கிடைக்கிற மாதிரி பண்ணாங்க. கமிட்டி ஐயா எடம் தர்றேங்கிறத விட்டுடாதீங்க சயாமா, கேம்ப்புக்கு பதிலா மாசம் ஒரு நாள் அதே எடத்துல உக்காருங்க. யாரையாவது கட்டி வச்சிருந்தா அவிழ்த்துவிட வைக்கிறதுக்கும் ஐயா பேச்சு தான் எடுபடும்.

இன்னொன்னு, டாக்டரு பக்கத்துலயே இருக்கணும்னு இல்ல. இங்க புதுக்கோட்டை மாவட்டத்துல ஸ்கார்ஃப்னு சென்னை மனநல தொண்டு நிறுவனத்து ஆளுங்க 2010ல பஸ்ஸ ஊர் ஊரா விட ஆரம்பிச்சாங்க, டாக்டர் சென்னைல இருந்தபடியே ஸ்க்ரீன்ல பாத்தாரு. உங்க ஊர்ல நெட்டு எப்படியோ, சாதா ஃபோன் கால் போதும், ஆனா ஃபோன எடுக்கிற டாக்டர் ஒருத்தர முதல்லயே பேசி வச்சுக்கங்க.

மோல்மீன் கம்பவுண்டர்:
ஒண்ணு யாருமே சொல்லலியே. தண்ணி! நம்ம தோட்டத்து ஆளுங்க தினமும் குடிப்பாங்க, தீமிதிக்கு காப்பு கட்டினதும் ஒரே நாள்ல விட்டுடுவாங்க, ரெண்டு மூணு நாள்ல கை நடுங்கும், வேர்த்து கொட்டும், சுவத்துல பூச்சி ஊருதும்பான், ஊரே அம்மன் எறங்கிட்டான்னு விழுந்து கும்பிடும். அது குடிய திடீர்னு விட்டதால வர்றது, ஃபிட்ஸ் வரும், உயிரே போகும். நோட்டுல எழுதுற கேஸ் இல்ல சயாமா இது, உடனே ஆஸ்பத்திரி. தயமின் (வைட்டமின் பி1) ஊசி இருந்தா போட்டுட்டு அப்புறம் தான் குளுக்கோஸ் ஏத்தணும். விரதத்துக்கு முன்னாடியே கமிட்டில சொல்லி, தினம் குடிக்கிறவன் ஒரேயடியா நிறுத்தாம உங்கள பாத்துட்டு கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கட்டும்.

அதே மாதிரி காய்ச்சலோட உளறினா மலேரியா டெஸ்ட் முதல்ல.

வார்டு அக்கா, யாங்கோன்:
கம்பவுண்டர் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. வலிப்பையும் பைத்தியம்னு ஒதுக்கிடுவாங்க, அதையும் நோட்டுல சேத்துக்க. டபிள்யூஎச்ஓவோட (உலக சுகாதார நிறுவனம்) எம்எச்கேப் கைடு (2016 பதிப்பு) மனநல டாக்டர் இல்லாத எடத்துக்குன்னே எழுதினது, சும்மாவே டவுன்லோட் பண்ணலாம். சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளு, கேக்கிறதால அந்த எண்ணம் வந்துடாது. தோணுதுன்னா தனியா விடாத, வீட்ல பூச்சி மருந்து எங்க இருக்குன்னு பாத்து அன்னைக்கே பூட்ட வை.

தட்டோன் சயாமா:
ரொம்ப நன்றிக்கா, எல்லாருக்கும். கமிட்டி ஐயாகிட்ட தீமிதி விஷயத்த இந்த வாரமே பேசுறேன். ஒரு சந்தேகம், எங்க சென்டர்ல கரண்ட் பாதி நாள் இருக்காது, அந்த ஃப்ளூஃபெனசின் ஊசிக்கு ஃப்ரிட்ஜ் வேணுமா?

வார்டு அக்கா, யாங்கோன்:
வேண்டாம். வெயில் படாம அட்டை டப்பாலயே வை, தகரக் கூரை பக்கத்துல வைக்காத. மழைக்கு ரோடு போறதுக்குள்ள செப்டம்பர் வரைக்கும் வாங்கி வச்சுடு.