பயிற்சியாளரின் கடிதம் மூன்றாவதாக இருக்கட்டும்

டென்னிஸ் உதவித்தொகையில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அரசறிவியல் படித்துவிட்டுச் சட்டக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தவன் நான். நான்கு ஆண்டுகளும் காலை ஆறு மணிக்கு என்னைக் களத்தில் பார்த்த பயிற்சியாளரும், பெயர் பெற்றவரான விளையாட்டுத் துறைத் தலைவரும் பரிந்துரைக் கடிதம் எழுதினால் போதும் என்று நம்பியிருந்தேன். கல்லூரி ஆலோசகர், "அந்தத் தலைவர் உன்னைப் பற்றி எந்த நிகழ்ச்சியை எழுதுவார்?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பரிசளிப்பு விழாவில் இரண்டு முறை கை குலுக்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

சட்டக் கல்லூரிகள் பெரும்பாலும் இரண்டு கடிதங்கள் கேட்கின்றன. அவற்றில் குறைந்தது ஒரு கடிதம், வகுப்பில் பாடம் நடத்தியவருடையதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. யேல் சட்டக் கல்லூரி, பேராசிரியர்கள் இருவரின் கடிதங்களையே பெரிதும் விரும்புவதாக வெளிப்படையாகச் சொல்கிறது. நம்மைப் போன்ற வீரர்களுக்கு இடறுவது இங்கேதான். போட்டிக் காலத்தில் பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி சொன்னாலும், பயண நேரம் அந்தக் கணக்கில் வராது. போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் மூன்று மணி நேரமாகவே எழுதப்படும். வசந்தப் பருவத்தில் வெள்ளிக்கிழமை வகுப்புகளில் பாதியை இழந்த எனக்கு, முகம் தெரிந்த பேராசிரியர் ஒருவர்தான் இருந்தார்.

அரசியல் கோட்பாடு நடத்திய அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். மதிப்பெண் பட்டியலைப் புரட்டக்கூட இல்லை. "உன் கட்டுரையில் நான் திருத்திக் கொடுத்த முதல் படியையும் கடைசிப் படியையும் கொண்டு வா" என்றார். அணியின் பேருந்தில் எழுதிய அந்த முதல் படியின் ஓரங்களில் அவருடைய பென்சில் குறிப்புகள் நிறைந்திருந்தன, "இது முடிவு, வாதம் எங்கே?" என்ற ஒரு வரியின் அடியில் இரண்டு கோடுகள். ஒவ்வொரு குறிப்புக்கும் கடைசிப் படியில் நான் என்ன செய்திருக்கிறேன் என்று விரல் வைத்துப் பார்த்தார். சட்டம் படிக்க வருபவனிடம் தேடப்படுவது அந்தத் திருத்தம்தான் என்று அன்று புரிந்தது.

பயிற்சியாளரின் கடிதத்தையும் நான் கைவிடவில்லை, மூன்றாவதாக வைத்தேன். என் வெற்றிகளை எழுத வேண்டாம், அவை தற்குறிப்பில் இருக்கின்றன என்று கேட்டுக்கொண்டேன். மணிக்கட்டுக் காயத்தால் ஆட முடியாத பருவத்தில் இளைய வீரர்களின் பாட அட்டவணையைப் பயணங்களோடு பொருத்தித் தந்ததைப் பற்றி அவர் எழுதினார். பேராசிரியர் யாரும் அதை அறிந்திருக்க வழியில்லை.

*

மேலே எழுதிய சகோதரரின் அனுபவத்தோடு என்னுடையதையும் சேர்க்கிறேன். நான் நெடுந்தொலைவு ஓட்டக்காரி. கடிதங்களைப் பரிந்துரைப்பவரே நேரடியாக, சட்டக் கல்லூரி விண்ணப்பங்களைக் கையாளும் எல்எஸ்ஏசி அமைப்புக்கு அனுப்ப வேண்டும். அங்கே வந்து சேர்ந்த பிறகு, எந்தக் கடிதம் எந்தக் கல்லூரிக்கு என்று நாம்தான் குறிக்க வேண்டும். பல கல்லூரிகள் செப்டம்பரில் விண்ணப்பங்களைப் பெறத் தொடங்கி, அவை வருகிற வரிசையில் பரிசீலிப்பதால், மே மாதத்திலேயே பேராசிரியரைக் கேட்டுவிட்டேன். அவரும் ஆகஸ்டில் அனுப்பிவிட்டார். ஆனால் அக்டோபர் முழுவதும் மாநிலம் மாநிலமாக ஓடிக்கொண்டிருந்த நான், இரண்டு கல்லூரிகளுக்கு அந்தக் கடிதத்தைக் குறிக்க மறந்துவிட்டேன். விண்ணப்பம் முழுமையடையவில்லை என்ற மின்னஞ்சலை விடுதி அறையில் காலணியைக் கழற்றிக்கொண்டே படித்தபோது மூன்று வாரங்கள் கடந்திருந்தன.