பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்ட மெசேஜ்: சாட்டிலைட் கருவியோடு உங்கள் அனுபவம் என்ன?

ஒற்றையடி:

ஆறு நாள் நடை. செல்போன் சிக்னல் முதல் நாள் மதியமே போய்விட்டது. சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்பும் சாட்டிலைட் கருவி தோள்பட்டையில் தொங்குகிறதே என்ற தைரியம் எனக்கு. "தினமும் ராத்திரி ஏழு மணிக்கு மெசேஜ் வரும், கவலைப்படாதே" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன். அதுதான் வினையாகிப் போனது.

மூன்றாம் நாள் கூடாரம் போட்டது ஒரு குறுகலான பள்ளத்தாக்கில். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, மேலே ஒரு துண்டு வானம். ஏழு மணிக்கு 'நலமாக இருக்கிறேன்' என்பதை அழுத்திவிட்டு, கருவியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்துவிட்டேன். மெசேஜ் போனதா என்று பார்க்கவே இல்லை.

மறுநாள் மதியம் கணவாய் ஏறி வானம் திறந்ததும் கருவி விடாமல் ஒலித்தது. வீட்டிலிருந்து ஒன்பது மெசேஜ். அதுவும் வரிசை மாறி. முதலில் கண்ணில் பட்டது, "யாரைக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை." கடைசியாக வந்து விழுந்தது, "சாப்பிட்டீங்களா?"

கருவி மேல் குறை சொல்ல மாட்டேன். நான் கொடுத்த வாக்குதான் கோளாறு. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

கூடாரவாசி:

நடக்காதவர் யார்! எவ்வளவு வானம் தெரிகிறது என்பதுதான் இதில் எல்லாமே. இந்த மாதிரிக் கருவிகள் பலவும் நம்பியிருக்கும் இரிடியம் என்ற செயற்கைக்கோள் வலையில் இயங்கும் 66 செயற்கைக்கோள்கள் சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று பூமியைச் சுற்றிவர ஏறக்குறைய 100 நிமிடம். நம் தலைக்கு மேல் ஒன்று தென்பட்டு மறைய பத்து நிமிடம்கூட ஆகாது. திறந்தவெளியில் ஒன்று மறைவதற்குள் அடுத்தது வந்துவிடும். பள்ளத்துக்குள் இருந்தால், அது உங்கள் துண்டு வானத்தைக் கடக்கிற வரை காத்திருக்க வேண்டும். வடக்கு தெற்காக ஓடும் பள்ளத்தாக்கு என்றால் கொஞ்சம் பரவாயில்லை. கிழக்கு மேற்கு என்றால் பாடுதான்.

இதற்கே இப்படி. பூமத்திய ரேகைக்கு மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கிற செயற்கைக்கோளை நம்பும் கருவி என்றால், நடுவில் மலை மறைத்துவிட்டால் விடிய விடியக் காத்திருந்தாலும் பலனில்லை.

என் பழக்கம் ஒன்று. ராத்திரி மெசேஜை ராத்திரி அனுப்புவதில்லை. மதியம் மேட்டில் ஓய்வெடுக்கும்போதே அனுப்பிவிடுவேன். ஆன்டெனா வானத்தைப் பார்க்க ஒரு பாறை மேல் வைத்துவிட்டு, 'அனுப்பப்பட்டது' என்று வருகிற வரை இடத்தை விட்டு நகர மாட்டேன். மழையில் நனைந்த அடர்ந்த மரக்கூட்டத்துக்குக் கீழே அனுப்ப முயல்வது நேரத்துக்கும் பேட்டரிக்கும் கேடு.

அப்புறம், வேறு நாட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ இந்த மாதிரிக் கருவியோ வைத்திருந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு.

நனைந்த காலணி:

நான் எஸ்ஓஎஸ், அதாவது கருவியில் ஆபத்துக்கு உதவி கேட்கும் பொத்தானை, அழுத்தியவன். நாங்கள் இரண்டு பேர். ஓடையைக் கடக்கும்போது நண்பன் வழுக்கி விழுந்ததில் கணுக்கால் போய்விட்டது. மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். அழுத்தினால் ஹெலிகாப்டர் வந்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வந்ததோ கேள்விகள். யாருக்கு அடி, எங்கே, மூச்சு சீராக இருக்கிறதா, நடக்க முடியுமா, எத்தனை பேர், குளிர் தாங்கத் துணி இருக்கிறதா? கை நடுங்க நடுங்கச் சின்னப் பொத்தான்களில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். ஒரு மெசேஜுக்கு 160 எழுத்துதான், அதனால் வளவளவென்று எழுதவும் முடியாது. அது ஒரு வகையில் நல்லதாகவே போயிற்று, புலம்பாமல் கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

இதில் ஒரு கூத்து. அவசரத் தொடர்பு எண் என்று பதிவில் நான் கொடுத்திருந்தது யாருடையது தெரியுமா? என் பக்கத்தில் கால் உடைந்து கிடந்தவனுடையது. மீட்பு மையத்திலிருந்து அந்த எண்ணுக்குத்தான் அழைத்திருக்கிறார்கள். அணைந்து கிடந்த போன் அவன் பைக்குள் இருந்தது.

மேகம் இறங்கிவிட்டதால் ஹெலிகாப்டர் வரவில்லை. மறுநாள் காலையில் ஆட்கள் நடந்தே வந்தார்கள். அதுவரை கருவியை அணைக்கக் கூடாது, இடத்தை மாற்றக் கூடாது. ராத்திரி முழுக்க அதைத் தூங்கும் பைக்குள் என் வயிற்றோடு வைத்திருந்தேன், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து வானத்தைக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே. கைக்குழந்தை கெட்டது போங்கள்.

இப்போது என் அவசரத் தொடர்பு, வீட்டை விட்டு எங்கும் போகாத என் பெரியப்பா.

சுமைக்குறைப்பான்:

நான் மெசேஜ் விவகாரத்துக்கே போவதில்லை. பிஎல்பி ஒன்று வைத்திருக்கிறேன், ஆபத்தில் இயக்கினால் நான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குச் சொல்லும் கருவி. மாதச் சந்தா கிடையாது. 406 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் சக்தியோடு கூப்பிடும். ஒருமுறை இயக்கினால் குறைந்தது 24 மணி நேரம் தாங்கும். அந்த அழைப்பைப் பிடிக்கும் காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு ஏற்பாடு 1982 முதல் ஆட்களைக் காப்பாற்றி வருகிறது, அது போதும் எனக்கு. வீட்டில் சொல்லி வைப்பதும் ஒன்றே ஒன்றுதான்: திரும்புகிற நாளுக்கு மறுநாள் மதியம் வரை என்னைத் தேடாதீர்கள்.

புள்ளி பார்ப்பவர்:

எல்லாரும் நடக்கிறவர்களாகவே எழுதுகிறீர்கள். நான் வீட்டில் இருப்பவன். நடப்பது என் மகள். அவள் கருவி இருக்கும் இடத்தைக் காட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வரைபடத்தில் விழும், நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிஎல்பி தம்பிக்கு ஒன்று சொல்கிறேன், "தேடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

ஒரு நாள் புள்ளி ஆற்றங்கரையில் நின்றுவிட்டது. நாலு மணி நேரம். ஆற்றின் மேலேயே விழுந்திருந்தது. எனக்கு என்னென்னவோ தோன்றியது. விஷயம் இவ்வளவுதான்: அவள் வெள்ளம் வடியக் காத்திருந்திருக்கிறாள். பேட்டரியை மிச்சப்படுத்த, புள்ளி அனுப்பும் ட்ராக்கிங்கை நிறுத்திவிட்டாள். பெரிய வரைபடத்தில் கரையும் ஆறும் ஒரே கோடுதானே.

வந்த பிறகு சண்டை போட்டு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். புள்ளி நின்றால் நான் எதுவும் செய்யக் கூடாது. மெசேஜ் ஒரு நாள் தவறினாலும் கூடாது. முழுதாக இரண்டு நாள் ஒன்றுமே இல்லை என்றால் மட்டும், அவள் எழுதி வைத்துவிட்டுப் போகும் எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். அந்தத் தாளில் அவள் போகிற பாதை, கூடாரத்தின் நிறம், கூட வருகிறவர்களின் பெயர் எல்லாம் இருக்கும்.

ஒற்றையடி:

ஐயா, அந்த இரண்டு நாள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். "ஏழு மணி" என்பதை வீட்டில் இனி உச்சரிக்கவே மாட்டேன். ஆனால் முதல் நாள் தவறும்போது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?

புள்ளி பார்ப்பவர்:

வராது. மெசேஜ் வந்தாலும் சில நாள் வராது. 'நலமாக இருக்கிறேன்' என்று முன்கூட்டியே எழுதி வைத்த வாசகம் தினமும் ஒரே மாதிரி வரும், அதில் அவள் குரல் இருக்காது. அதனால் ஒரு சொல்லாவது கையால் தட்டி அனுப்பு என்று கேட்டிருந்தேன். போன முறை நான்காம் நாள் வந்தது: "அப்பா, ரெண்டு ஜோடி சாக்ஸும் ஈரம். கடுப்பு." அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.