கென்யாவுல ரேடியோ, டிவிக்கு கடிவாளம் வேணுமா வேணாமா?

ஏரிக்கரை:
2025 ஜூன் 25 நைரோபி போராட்டத்தப்ப லைவ் காட்டக்கூடாதுன்னு, அங்க ரேடியோ டிவியை மேற்பார்க்கிற கம்யூனிகேஷன்ஸ் அத்தாரிட்டி உத்தரவு போட்டு என்டிவி, கேடிஎன், கே24 மூணு சேனலோட சிக்னலையும் கட் பண்ணாங்க, அப்புறம் அந்த உத்தரவை எதிர்த்தவங்க ஹைகோர்ட் போய் தடை வாங்குனாங்க. எல்லாரும் ஜனநாயகத்தை கொன்னுட்டாங்கன்னு எழுதுறீங்க. எனக்கு அவ்வளவு சுலபமா சொல்ல வரல. 2007 டிசம்பர் தேர்தலுக்கு அப்புறம் வந்த இனக் கலவரத்துல அங்க 1,100 பேருக்கு மேல செத்தாங்க, 6 லட்சம் பேர் வீடு வாசல விட்டு ஓடுனாங்க. 2008 ஜனவரி 1ந்தேதி எல்டோரெட் பக்கம் கியாம்பான்ற இடத்துல சர்ச்சுக்குள்ள ஒளிஞ்சிருந்தவங்களை, பொம்பளைங்க குழந்தைங்கன்னு பார்க்காம தீ வச்சு எரிச்சாங்க. இதுக்கெல்லாம் ஒரு பங்கு தாய்மொழி எஃப்எம் ஸ்டேஷன்களுக்கு இருக்குன்னு அந்த கலவரத்தை விசாரிச்ச நீதிபதி வாக்கி கமிஷனே சொல்லியிருக்கு. பக்கத்துல ருவாண்டாவுல 1994 இனப்படுகொலையில ஆர்டிஎல்எம்ன்ற ரேடியோ, ஆளோட பேரையும் ஒளிஞ்சிருக்கிற இடத்தையும் சொல்லிச் சொல்லி கொலைக்கு ஆள் அனுப்புச்சு. இதை பார்த்த ஒரு நாடு மைக்குக்கு கடிவாளம் போட்டா அது தப்பா?

தூரதேசி:
சகோ, நான் அந்த டிசம்பர்ல நைரோபியில இருந்தேன். பார்க்லாண்ட்ஸ்ல ரூம், ஒரு கம்பெனியில கணக்கு வேலை. 30ந்தேதி சாயங்காலம் நடந்ததை இன்னும் மறக்கல. ஓட்டு எண்ணுற இடத்துல இருந்து பத்திரிகைக்காரங்களை வெளிய தள்ளிட்டு, தேர்தல் கமிஷன் தலைவர் அரசாங்க கேபிசி கேமரா முன்னாடி மட்டும் அப்ப ஜனாதிபதியா இருந்த கிபாகியே ஜெயிச்சாருன்னு படிச்சாரு, கொஞ்ச நேரத்துல இருட்டுற வேளையில ஸ்டேட் ஹவுஸ்ல பதவியேற்பும் முடிஞ்சு போச்சு, உடனே எல்லா லைவும் தடை. அப்புறம் டிவியில பாட்டும் பழைய ப்ரோக்ராமும். வெளிய புகை தெரியுது, டிவியில ஒண்ணுமே இல்ல. அப்ப மனுஷன் என்ன பண்ணுவான்? போன்ல வர்ற எஸ்எம்எஸ்ஸை நம்புவான். "இன்ன ஏரியாவுல உங்க ஆளுங்களை வெட்டுறாங்க"ன்னு வந்த எஸ்எம்எஸ்ல எது நிஜம் எது பொய்னு கேட்க ஒரு நியூஸ் ரீடர் கூட இல்ல. அந்த இருட்டுல பொறந்ததுதான் உஷாஹிடி, ஜனங்களே எங்க என்ன நடக்குதுன்னு அனுப்ப அனுப்ப மேப்ல குறிச்ச தளம். சுவாஹிலியில அந்த வார்த்தைக்கு சாட்சியம்னு அர்த்தம். மூடுனதால சாவு குறையல. நான் பார்த்தவன் சொல்றேன்.

ஏரிக்கரை:
நீங்க நேர்ல பார்த்ததை மறுக்க மாட்டேன். ஆனா வெறுப்பு 30ந்தேதி ஆரம்பிக்கல, வாரக்கணக்கா ஓடிட்டு இருந்துச்சு. நேயர் போன் பண்ணி பேசுற நிகழ்ச்சிகள்ல வாய்க்கு வந்தது எல்லாம் அப்படியே காத்துல போச்சு, தொகுப்பாளர் பாதி பேருக்கு பயிற்சி கிடையாது. "மடோவாடோவா"ன்னு ஒரு வார்த்தை, சுவாஹிலியில கறை, புள்ளின்னு அர்த்தம். ரிஃப்ட் பள்ளத்தாக்குல அதை எடுத்துடணும்னு சொன்னா, வெளியில இருந்து வந்து குடியேறுன கிகுயு மாதிரி இனத்து ஆளுங்களை விரட்டுன்னு கேட்கிறவனுக்கு புரியும். அது எவ்வளவு ஆழமா ஊறியிருக்குன்னா 2022 தேர்தலுக்கு முன்னாடி அங்க இன ஒற்றுமைக்கான தேசிய கமிஷன் வெளியிட்ட வெறுப்பு வார்த்தை பட்டியல்ல அது இருந்துச்சு. பதினஞ்சு வருஷம் கழிச்சும்!

பாமரன்77:
ஒரு சந்தேகம். காஸ் எஃப்எம் ரேடியோவுல பேசுன ஜோஷுவா அராப் சாங்னு ஒருத்தரை அந்த கலவரத்துக்காக ஹேக்ல சர்வதேச குற்றவியல் கோர்ட்டுக்கு கொண்டு போனாங்களே, அது என்ன ஆச்சு?

தூரதேசி:
விசாரணை 2013 செப்டம்பர்ல இப்போதைய ஜனாதிபதி வில்லியம் ரூட்டோவோட சேர்த்து ஆரம்பிச்சு, 2016 ஏப்ரல்ல ஆதாரம் போதலைன்னு நிறுத்திட்டாங்க. நிரபராதின்னும் சொல்லல, சாட்சிகளை கலைச்சது பத்தி நீதிபதிகளே பேசுனாங்க. ரேடியோவுல பேசுனது கொலைக்கு காரணம்னு ருவாண்டா வழக்குல 2003ல தண்டனை குடுக்க முடிஞ்சுது, இங்க முடியல. ஏரிக்கரை ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்றது அதனாலதான் எனக்கு உறுத்துது. ஆர்டிஎல்எம் ஆட்சியில இருந்தவங்களோட கூட்டாளிங்க ஆரம்பிச்சது, சுதந்திர ரேடியோ தறிகெட்டுப் போன கதை இல்ல அது. அரசாங்கம் கையில கடிவாளம் குடுன்னு கேட்கிறவங்க முதல்ல அதைத்தான் யோசிக்கணும்.

கொடிமுல்லை:
ரெண்டு பேரும் முதலாளியை விட்டுட்டு பேசுறீங்க. கே24, கமேமே எஃப்எம் வச்சிருக்கிற மீடியாமேக்ஸ் முன்னாள் ஜனாதிபதி கென்யாட்டா குடும்பத்தோட தொடர்புள்ளது. ஸ்டாண்டர்ட் பேப்பரும் கேடிஎன்னும் இன்னொரு முன்னாள் ஜனாதிபதி மோய் குடும்பத்து பக்கம். சிட்டிசன் டிவி, இனூரோ, ராமோகி எல்லாம் எஸ்.கே. மச்சாரியான்ற ஒரே தொழிலதிபரோட ராயல் மீடியா. இதுக்கு மேல அரசு விளம்பரம். 2017ல அரசு அலுவலகங்கள் தனியார் மீடியாவுக்கு விளம்பரம் குடுக்கக்கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு. சம்பளம் போடவே விளம்பரத்தை நம்பியிருக்கிற பேப்பருக்கு அது என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. சிக்னலை கட் பண்ணா நாலு பேர் கோர்ட்டுக்கு போவாங்க, விளம்பரத்தை கட் பண்ணா எவனுக்கும் தெரியாது. கடிவாளம் ஏற்கனவே மாட்டியாச்சு ஏரிக்கரை, நீங்க ரெண்டாவது ஒண்ணு கேட்கிறீங்க.

இன்னொண்ணு, 2007 பயத்துல 2013 தேர்தல்ல மீடியா தானாவே வாயை மூடிக்கிச்சு. வாக்காளரை சரிபார்க்கிற மெஷின் ஊர் ஊரா படுத்துச்சு, ரிசல்ட் அனுப்புற சிஸ்டமும் படுத்துச்சு, உஹூரு கென்யாட்டா 50.07 சதவீதத்துல ஜெயிச்சாருன்னு அறிவிச்சாங்க. மயிரிழை. இதுல எத்தனை கேள்வி கேட்டிருக்கணும்! டிவியில அமைதி அமைதி அமைதின்னே ஓடுச்சு.

ஏரிக்கரை:
அமைதின்னு ஓடுச்சு, அமைதியாவும் இருந்துச்சு. 2013ல 2007 மாதிரி பொணம் விழல. கேள்வி கேட்காதது தப்புதான், ஆனா ஒரு சர்ச்சு எரியலையே கொடிமுல்லை. இதுக்கு பதில் சொல்லுங்க.

கொடிமுல்லை:
சொல்றேன். அதுக்கு காரணம் டிவி மட்டும் இல்ல. 2010ல புது அரசியல் சட்டம் வந்துச்சு, கோர்ட்டு மேல கொஞ்சம் நம்பிக்கை வந்துச்சு, தோத்த ராய்லா ஒடிங்கா தெருவுக்கு போகாம சுப்ரீம் கோர்ட்டுக்கு போனாரு. அதோட 2007ல எதிரெதிரா அடிச்சுக்கிட்ட ரெண்டு சமூகத்தோட (கிகுயு, கலெஞ்சின்) தலைவர்களும், கென்யாட்டாவும் ரூட்டோவும், 2013ல ஒரே கூட்டணி. அதை நீங்க மீடியா மௌனத்தோட கணக்குல எழுதுறீங்க. அந்த மௌனத்துக்கு விலையும் இருந்துச்சு, கேட்காம விட்ட அதே ரிசல்ட் அனுப்புற சிக்கல் 2017ல திரும்ப வந்து நின்னுச்சு, அந்த வருஷம் செப்டம்பர் 1 சுப்ரீம் கோர்ட்டு தேர்தலையே செல்லாதுன்னு சொல்லிடுச்சு. 2022ல சேனல்காரங்க 46 ஆயிரத்து சொச்சம் பூத்தோட ரிசல்ட் ஃபாரத்தை எடுத்து ஆளாளுக்கு கூட்ட ஆரம்பிச்சு, ஒருத்தர் எண் இன்னொருத்தரோட ஒத்துப்போகாம, பாதியிலயே நிறுத்திட்டாங்க. ஏன் நிறுத்துனோம்னு ஜனங்களுக்கு ஒழுங்கா சொல்லவும் இல்ல. சந்தேகம் அங்கதான் வளருது.

பாமரன்77:
இப்ப ரேடியோ எவன் கேட்கிறான்? 2024ல வரி ஏத்துற ஃபைனான்ஸ் பில்லை எதிர்த்து வந்த பசங்க டிக்டாக்லயும் எக்ஸ் ஸ்பேஸ்லயும்தான கூடுனாங்க. பில்லை தாய்மொழிகள்ல மாத்தி விளக்கி வீடியோ போட்டாங்க, ஜூன் 25 பார்லிமென்ட்டுக்குள்ள போனாங்க, மறுநாளே ரூட்டோ கையெழுத்து போட மாட்டேன்னுட்டாரு. ஜூலைல அவரே எக்ஸ் ஸ்பேஸ்ல வந்து பசங்க கேள்விக்கு பதில் சொன்னாரு. மெயின் மீடியா இல்லாமலே நடந்துச்சே.

தூரதேசி:
தம்பி, பார்லிமென்ட்ல புகுந்ததை நாடே பார்த்தது டிவி லைவ்லதான். அன்னைக்கு இன்டர்நெட் தடுமாறுச்சு, மூடிடுவோம்னு மிரட்டல் வருதுன்னு கேடிஎன்னே அறிவிச்சுட்டு தொடர்ந்து காட்டுச்சு. அந்த கேமரா இல்லைன்னா சுட்டதே வெளிய வந்திருக்காது, தேசிய மனித உரிமை ஆணையம் 39 சாவுன்னு ஜூலை தொடக்கத்துல சொன்னப்ப அதையும் வதந்தின்னு தள்ளியிருப்பாங்க. கிராமத்துல இருக்கிற அப்பா அம்மாவுக்கு பையன் ஏன் தெருவுல நிக்கிறான்னு சொன்னது அவங்க மொழி ரேடியோ.

ஏரிக்கரை, உங்க கிட்ட ஒண்ணே ஒண்ணு. 2018 ஜனவரி 30, ராய்லா ஒடிங்கா உஹூரு பார்க்ல தன்னை மக்கள் ஜனாதிபதின்னு அறிவிச்ச நாள். நாலு சேனலை நிறுத்துனாங்க. திரும்ப போடுன்னு ஹைகோர்ட் உத்தரவு போட்டும் நாள்கணக்கா போடல. என்டிவி ஆளுங்க கைதுக்கு பயந்து ராத்திரி ஆபீஸ்லயே படுத்தாங்க. கோர்ட்டையே மதிக்காதவன் கையிலயா கடிவாளத்தை குடுக்க சொல்றீங்க?

ஏரிக்கரை:
இல்ல. அதை ஒத்துக்கிறேன், மந்திரி கையிலயோ அத்தாரிட்டி கையிலயோ சிக்னல் சுவிட்ச் இருக்கக்கூடாது. ஆனா நேயர் பேசுறது சில நொடி தாமதமா ஒலிபரப்பாகணும், கலெஞ்சின், கிகுயு, லுவோ மொழிங்க ஜாடையோட புரிஞ்ச ஆள் உட்கார்ந்து கேட்கணும், மடோவாடோவா மாதிரி வார்த்தை வந்தா கட் பண்ணணும், வழக்குன்னா கோர்ட்ல நடக்கணும். இந்த அளவு கடிவாளத்தை நான் விட மாட்டேன். கியாம்பாவுல செத்தவங்களுக்கு அதுகூட இல்லைன்னா எப்படி?

தூரதேசி:
அந்த சில நொடியில எனக்கு சண்டை இல்ல. எங்க ஆபீஸ்ல எல்டோரெட்காரர் ஒருத்தர் இருந்தாரு, கலவரத்துல பக்கத்து வீட்டு கிகுயு குடும்பத்தை தன் வீட்டுல நாலு நாள் மறைச்சு வச்சவரு. அவரும் காலையில எழுந்ததும் அவங்க மொழி ரேடியோவைத்தான் போடுவாரு. மக்காச்சோளம் விலை, மழை, சாவு செய்தி எல்லாம் அதுலதான். 2010ல புது அரசியல் சட்டத்துக்கு ஓட்டு நடந்தப்ப, காணி நிலம் பத்தி அதுல என்ன இருக்குன்னு அவங்க அம்மாவுக்கு முதல்ல தெரிஞ்சதும் அந்த ரேடியோவுலதான். அந்தம்மாவுக்கு படிக்க தெரியாது.