கிரானைட்டில் பதிக்கும் கேஸ் அடுப்புக்கு மின் இணைப்பு: இருக்கிற போர்டிலிருந்து எடுக்கலாமா, தனி லைன் வேண்டுமா?

சத்துவாச்சாரி வீடு:

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் 1994இல் என் மாமனார் கட்டிய வீட்டில் இருக்கிறோம். இந்த மாதம் சமையலறையைப் புதுப்பிக்கிறோம். மேடைமேல் வைத்திருந்த இரண்டு பர்னர் அடுப்புக்குப் பதிலாக, கிரானைட்டை வெட்டிப் பதிக்கும் நான்கு பர்னர் அடுப்பு வாங்கியிருக்கிறோம். அதன் அடியிலிருந்து மூன்று பின் பிளக்குடன் ஒரு வயர் தொங்குகிறது. குமிழைத் திருப்பியதும் தானாகப் பற்றிக்கொள்வதற்கு அது என்று கடையில் சொன்னார்கள். மேலே சிம்னியும், மகள் கேக் செய்வதற்காக 2000 வாட் மின்சார ஓவன் ஒன்றும் வரவிருக்கின்றன.

இப்போது சமையலறையில் இருப்பது ஒரே ஒரு சுவிட்ச் போர்டு. மிக்ஸியும் ஃபிரிட்ஜும் அதில்தான் ஓடுகின்றன. வேலைக்கு வந்த வயர்மேன், அதிலிருந்தே ஒரு லைன் இழுத்து, மேடைக்குக் கீழே சிலிண்டர் வைக்கும் அலமாரிக்குள் பிளக் பாயிண்ட் வைத்து மூன்றையும் அதில் மாட்டிவிடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. திங்கட்கிழமை டைல்ஸ் ஒட்டத் தொடங்கிவிடுவார்கள் என்பதால், சுவரை வெட்ட வேண்டுமானால் அதற்குள் வெட்டியாக வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி மின்பணியாளர்:

உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். சிலிண்டர் அலமாரிக்குள் பிளக் பாயிண்ட் வைக்கவே கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படிந்து, அலமாரி போன்ற மூடிய இடத்தில் தேங்கி நிற்கும். சுவிட்சைப் போடும்போதும், ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் பிளக்கைப் பிடுங்கும்போதும் உள்ளே ஒரு சிறு பொறி எழும். நாம் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை என்றாலும், தேங்கிய வாயு பற்றுவதற்கு அதுவே போதும். ஆகவே பிளக் பாயிண்ட் மேடைக்கு மேலே, பர்னருக்கு நேர் பின்னால் இல்லாமல், பக்கவாட்டில் தள்ளி, எரியும் அடுப்பைத் தாண்டிக் கையை நீட்டாமல் அணைக்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும். அடுப்பின் வயரை மேடையில் ஓர் ஓரமாகத் துளையிட்டு மேலே கொண்டுவரலாம். அலமாரிக் கதவில் கீழ்ப்பக்கம் காற்றுப்போக்குத் திறப்புகளும் வைக்கச் சொல்லுங்கள்.

இனி லோடு. பற்றவைக்கும் பொறிக்கு ஆகும் மின்சாரம் மிகச் சொற்பம், அதுவும் குமிழை அழுத்தும் சில நொடிகளுக்கு மட்டும். சிம்னி 200, 250 வாட் என்று வைத்துக்கொண்டாலும் ஓர் ஆம்பியரைச் சுற்றித்தான் வரும். இந்த இரண்டுக்கும் 6 ஆம்பியர் பாயிண்ட் தாராளம். சிம்னிக்கான பாயிண்டை அதன் குழாய் உறை மறைக்கும் உயரத்தில் வைத்து, சுவிட்சை மட்டும் கைக்கு எட்டும் போர்டில் கொடுங்கள்.

ஓவன் கதை வேறு. 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர் வருகிறது. 6 ஆம்பியர் பாயிண்டில் கன்வெர்ட்டர் பிளக் (பெரிய பின்னைச் சிறிய பாயிண்டில் செருக உதவும் இடைப்பிளக்) போட்டு அதை ஓட்டினால், அரை மணி நேரத்தில் பிளக் சூடேறி, சில மாதங்களில் பாயிண்ட் பழுப்பேறிக் கருகும். மெயின் போர்டிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் தனியாக இழுத்து, 16 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) வைத்து, 16 ஆம்பியர் பவர் பாயிண்டில் முடியுங்கள். வழியில் எந்த இணைப்பும் வேண்டாம். 1994இல் போட்ட வயரிங் என்றால் இன்னும் ஃபியூஸ் கேரியர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (எர்த் வழியாகவோ உடம்பு வழியாகவோ கரண்ட் கசிந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றையும் இந்த வேலையோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

குடியாத்தம் இல்லத்தரசி:

மேலே ஐயா சொன்னதோடு எர்த் பற்றியும் ஒரு வார்த்தை சேர்க்கிறேன். எங்கள் வீட்டிலும் இதே மாதிரி அடுப்புதான். பதித்த இரண்டாம் மாதம், ஈரக் கையோடு பால் பாத்திரத்தை இறக்கும்போது அடுப்பின் எஃகுத் தகடு விரலில் பட்டு, முழங்கை வரை சுரீரென்று இழுத்தது. பாத்திரம் கைதவறி விழுந்து பால் முழுவதும் தரையில். அப்போது அடுப்பு எரியக்கூட இல்லை. வேறொரு மின்பணியாளரை அழைத்துப் பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தால், எர்த் துளையில் இருக்க வேண்டிய பச்சை வயரே இல்லை. அதற்குப் பதிலாக விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு வயர்த் துண்டு, நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு வளைத்து முறுக்கப்பட்டிருந்தது. நியூட்ரல் வயர் சுவருக்குள் எங்கோ விட்டுப்போனதும், அந்தத் துண்டு வழியாகவே அடுப்பின் உடம்புக்குக் கரண்ட் வந்திருக்கிறது. பெண்களும் குழந்தைகளும் நாள் முழுக்கத் தொடுகிற பொருள் அது. தயவுசெய்து பாயிண்டைத் திறந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

காட்பாடி மின்பணியாளர்:

அம்மா சொன்னது பல வீடுகளில் நான் கண்டது. டெஸ்ட் லாம்ப்பை (இரண்டு வயர் முனைகள் கொண்ட சோதனை பல்பு) ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்து, "பல்பு நன்றாக எரிகிறது, எர்த் சரி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நியூட்ரலோடு முறுக்கியிருந்தாலும் பல்பு அதே பிரகாசத்தோடு எரியும். ஆர்சிசிபி போட்ட பிறகு அதே சோதனையைச் செய்தால் உண்மை வெளிப்படும்: எர்த் மண்ணுக்குப் போயிருந்தால் பல்பை வைத்த கணமே ஆர்சிசிபி விழும் (தானாக அணையும்), விழாமல் பல்பு எரிந்துகொண்டே இருந்தால் அது நியூட்ரல்தான். இந்தச் சோதனையை மின்பணியாளரே செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

எர்த் குழியையும் தேடிப் பிடியுங்கள். பழைய வீடுகளில் சிமென்ட் தளத்துக்கு அடியில் மறைந்திருக்கும். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் மண் காய்ந்து, எர்த்தின் தடை ஏறிவிடும். கோடையில் வாரம் ஒருமுறையாவது குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஆற்காடு வாசகர்:

கரண்ட் போனால் அடுப்பு எரியாதோ என்ற கவலை வேண்டாம். பொறி மட்டும்தான் வராது. குமிழைத் திருப்பி லைட்டரால் பற்றவைக்கலாம். வசதி வேண்டுமென்றால் அடுப்பு, சிம்னி பாயிண்டை இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கலாம். ஓவன் லைன் அதில் சேரவே கூடாது, வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. வாயு வாசனை வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து எரிவாயுக் கசிவுக்கான அவசர உதவி எண் 1906ஐ அழையுங்கள்.

சத்துவாச்சாரி வீடு:

அனைவருக்கும் நன்றி. இன்று காலை மெயினை அணைத்துவிட்டுப் பழைய போர்டைக் கழற்றினோம். குடியாத்தம் அம்மா எழுதியதேதான்: ஃபிரிட்ஜ் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு துண்டு வயர். முப்பது ஆண்டுகளாக என் மாமியார் அந்த ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து மூடியிருக்கிறார் என்று நினைக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. எர்த் குழி துளசி மாடத்துக்குப் பின்னால், நிலத்தட்டோடு மூடிக் கிடந்தது. பச்சை வயரை அங்கிருந்து புதிதாக இழுத்து, ஓவனுக்குத் தனி லைனும் ஆர்சிசிபியும் போட உரிமம் பெற்ற வேறொரு மின்பணியாளர் ஒப்புக்கொண்டார். பாயிண்ட் வரும் இடத்தை அடுப்பின் இடப்பக்கம், மேடையிலிருந்து ஒரு முழம் மேலே சாக்பீஸால் குறித்தாயிற்று. டைல்ஸ் வேலையைப் புதன்கிழமைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.