மறு: லைம்லைட் – எலுமிச்சையா, சுண்ணாம்பா?

நண்பர்களே,

> புகழோடு எல்லார் பார்வையிலும் இருப்பதைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லான லைம்லைட்டை, ஒரு மொழிபெயர்ப்பில் 'எலுமிச்சை ஒளி' என்று போட்டிருந்தார்கள். சரியா?

சரியில்லை. ஆனால் எழுதியவரைத் திட்டவும் மனசில்லை, லைம் என்றால் ஜூஸ்தானே நினைவுக்கு வரும். ஆனால் ஆங்கிலத்தில் சுண்ணாம்புக்கும் லைம் என்றுதான் பெயர், இங்கே அதுதான். அதுவும் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு இல்லை, நீர் படாத சுட்ட சுண்ணாம்புக் கட்டி. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் தழலை அதன் மேல் படவிட்டால் கட்டி எரியாது, சூடேறிக் கண் கூசும் வெள்ளையாக ஒளிரும். 1820களில் அயர்லாந்தில் நில அளவை செய்த தாமஸ் டிரம்மண்ட், தொலைதூர மலையுச்சியைக் குறிபார்க்க இதைத்தான் ஏற்றி வைத்தார். அப்புறம் லண்டன் நாடக மேடைக்கு வந்தது. விளக்குக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். தழல் ஒரே இடத்தில் பட்டால் கட்டி குழிந்துவிடும் என்பதால் அதைத் திருப்பிக்கொண்டே, கதாநாயகன் நகர நகர வெளிச்சத்தையும் கூடவே நகர்த்த வேண்டும். மின்விளக்கு வந்து சுண்ணாம்பு போய்விட்டது, சொல் போகவில்லை.

> அப்படியானால் 'சுண்ணாம்பொளி' என்றே வைக்கலாமே?

அந்தக் கருவிக்கு மட்டும் என்றால் 'சுண்ணாம்பு விளக்கு' போதும், நாடக வரலாறு எழுதுபவர்களுக்கு உதவும். ஆனால் 'நடிகை சுண்ணாம்பொளியில் இருக்கிறார்' என்று எழுதிப் பாருங்கள், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார் என்று தோன்றும். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று கேட்டு வளர்ந்த நமக்குச் சுண்ணாம்பும் புகழும் ஒட்டவே ஒட்டாது.

> 'வெளிச்சத்துக்கு வந்தார்'?

இங்கேதான் சிக்கல். ஊழல் வெளிச்சத்துக்கு வரும், மோசடி வெளிச்சத்துக்கு வரும். ஓர் ஆளைப் பற்றிச் சொன்னால், அதுவரை தெரியாதவர் தெரியவந்தார் என்பதோடு நின்றுவிடும். லைம்லைட்டில் இருப்பது என்றால் எல்லார் கண்ணும் தொடர்ந்து தன் மேலேயே இருக்கிற நிலை. பத்திரிகைகளில் 'புகழ் வெளிச்சம்', 'ஊடக வெளிச்சம்' என்று எழுதுகிறார்களே, முன்னால் ஒரு சொல் சேர்ந்ததும் அந்த ஊழல் வாடை போய்விடுகிறது. என் ஓட்டு 'புகழ் வெளிச்ச'த்துக்கு. புதிதாக எதையும் காய்ச்சி ஊற்ற வேண்டாம்.

ஸ்பாட்லைட்டை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஆள் மேல் மட்டுமில்லை, குடிநீர்ப் பிரச்சினை மேலும் விழும், அங்கே 'கவனம்' போதும்.

அடுத்தவர் லைம்லைட்டைத் திருடுவது என்று ஆங்கிலத்தில் சொல்வதை 'வெளிச்சத்தைத் திருடினார்' என்று பெயர்க்காதீர்கள், தயவுசெய்து. 'பாடியது அவர், கைதட்டலை அள்ளிக்கொண்டு போனது மிருதங்கக்காரர்' என்றால் முடிந்தது. அதேபோல் லைம்லைட்டை விரும்பாதவர் 'வெளிச்சம் படாமல் ஒதுங்கி இருப்பவர்'.

எங்கள் ஊர்த் திருவிழா நாடகத்தில் லைட்காரர், கலர்த்தாள் ஒட்டிய சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே 'ராஜா மேலே ஃபோகஸ் போடு' என்று பையனை அதட்டுவார். அவரிடம் கேட்டிருந்தால் இத்தனை மடல் தேவைப்பட்டிருக்காது.

இலங்கை நண்பர்கள் 'பந்தம் பிடிக்கிறான்' என்பதை ஜால்ரா போடுவதற்குச் சொல்கிறீர்களே, அந்தப் பந்தம் கூத்துமேடையில் பிடித்ததா, சாமி ஊர்வலத்தில் பிடித்ததா? தெரிந்தவர் எழுதுங்கள்.