பி வேல்யூ 0.062, கைடு பென்சில எடுத்தாரு. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

எம்எட்_மாணவி:
தீசிஸ் வைவாக்கு (வாய்மொழித் தேர்வு) முந்தின வாரம். ஃப்ரெண்டோட டேட்டாவ எஸ்பிஎஸ்எஸ்ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல போட்டு டி டெஸ்ட் (ரெண்டு குரூப்போட சராசரி வித்தியாசப்படுதான்னு பாக்கறது) ரன் பண்ணோம், ரெண்டு முறைல படிச்ச பசங்க மார்க், டூ டெயில்ல (எந்த முறை உசத்தியா வந்தாலும் கணக்கு) பி வேல்யூ 0.062. 0.05க்கு கீழ வந்தாதான் சிக்னிஃபிகன்ட்னு ஒத்துக்குவாங்க. அவ முகமே வாடிருச்சு. கைடு எட்டிப் பாத்துட்டு, பிரிண்ட்அவுட்ல அந்த நம்பர அடிச்சுட்டு பக்கத்துல 0.031னு எழுதி "ஒன் டெயில்னு மாத்திக்கோம்மா, சிக்னிஃபிகன்ட் ஆயிரும்"னாரு. ஒன் டெயில்னா இந்த முறைதான் உசத்தின்னு முன்னாடியே சொல்லிட்டு அந்தப் பக்கம் மட்டும் பாக்கறது, ஆனா மூணாவது சாப்டர்ல எந்த முறை உசத்தின்னு ஒரு வார்த்தை கிடையாது. ரிசல்ட்ட பாத்துட்டு பக்கம் மாத்துறதுக்குப் பேரு டெஸ்ட்டா?

காமர்ஸ்_காரன்:
ஒன் டெயில் சிலபஸ்லயே இருக்கு, கைடு சொன்னா செய்ய வேண்டியதுதான். எங்க வைவால நடந்தது வேற. ஒருத்தன் பி வேல்யூ 0.4, "ரெண்டு குரூப்பும் ஒண்ணுதான்னு நிரூபணம்"னு எழுதிருந்தான். எக்ஸ்டர்னல் மேடம் "சாம்பிள் எத்தனை?"னு கேட்டாங்க. இருபதுன்னான். "இருபது பேர வெச்சு வித்தியாசம் தெரியலன்னு சொல்லுங்க, இல்லவே இல்லன்னு எப்படிப்பா சொல்றீங்க?"ன்னாங்க. ஹாலே கப்சிப்.

எட்டு_கப்:
காமர்ஸ் அண்ணா, ஒன் டெயில் தப்புன்னு யாரும் சொல்லல, எப்ப முடிவு பண்ணாங்கங்கறதுதான் கேள்வி. எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் ஒன் டெயில் போட்டா, 5% தப்பு நடக்கும்னு சொல்லிட்டு நிஜத்துல 10% நடக்குது. எங்க மிஸ் கிளாஸ்லயே புள்ளியியல் அறிஞர் ஃபிஷரோட டீ சோதனைய செஞ்சு காட்டினாங்க, 1920கள்ல இங்கிலாந்து ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்துல, கப்ல பால் முதல்ல ஊத்தினாங்களா டீ முதல்ல ஊத்தினாங்களான்னு குடிச்சே சொல்லிருவேன்னு சொன்ன மியூரியல் பிரிஸ்டலுக்கு வெச்சாரே அதே தான். எட்டு கப், நாலுல பால் முதல்ல, அந்த நாலையும் கண்டுபிடிக்கணும். கிளாஸ்ல ஒரு பொண்ணு அந்த நாலுல மூணு கரெக்ட்டா எடுத்தா, எல்லாரும் கைதட்டிட்டோம். மிஸ் போர்டுல 17/70னு எழுதினாங்க, சும்மா குத்துமதிப்பா எடுத்தாலே மூணோ அதுக்கு மேலயோ வர 24% சான்ஸ். நாலும் சரியா இருந்தா 1/70, 0.014. கைதட்டு பாதில நின்னுச்சு. பி வேல்யூன்னா இதுதான், நல் ஹைப்பாதிசிஸ் (வித்தியாசமே இல்ல, சும்மா குத்துமதிப்புதான்ங்கற அனுமானம்) உண்மைன்னு வெச்சுக்கிட்டா இந்த அளவோ இதவிட அதிகமாவோ வர சான்ஸ். அந்த நல் ஹைப்பாதிசிஸ் உண்மையா இருக்க எவ்வளவு சான்ஸுங்கறது பி வேல்யூ கிடையாது.

வைவாக்கு போறவங்க எக்ஸெல்ல ரெண்டு காலம் ரேண்டம் நம்பர் போட்டு, முப்பது முப்பது வரிசை, கீழ டிடெஸ்ட் ஃபார்முலா எழுதி எஃப்9 அமுக்கிட்டே இருங்க, அமுக்குறப்பல்லாம் நம்பர் மாறும். வித்தியாசமே இல்லாத டேட்டாலயும் சுமாரா இருபதுக்கு ஒண்ணு 0.05க்கு கீழ வரும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் அந்த கைடு மாதிரி பி வேல்யூவ பாதியாக்கி எண்ணிப் பாருங்க, சுமாரா பத்துக்கு ஒண்ணு ஆயிரும். முக்கியமா, டேட்டா வாங்குறதுக்கு முன்னாடியே ஒன் டெயிலா டூ டெயிலான்னு சினாப்ஸிஸ்ல (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதி கைடுகிட்ட கையெழுத்து வாங்கிருங்க.